இரண்டடி குறைந்த கயிறு

என் அண்ணன் தர்மராஜுக்கு லுக்குட் டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. ஆனால் சனிக்கிழமை மாலையானால் ஒரு வாளி சுண்ணாம்போடும் நீல நைலான் கயிற்றோடும் எங்கள் எஸ்டேட் தோட்டத்துத் திடலில் நிற்பார். முப்பத்தோரு வருடம் எங்கள் கால்பந்துக் குழு அவர் போட்ட கோட்டுக்குள்தான் ஆடியது.

போன வருடம் திடலை வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். குழு, சுவா பக்கம் புதிதாகக் கட்டிய அரங்குக்கு மாறியது. அங்கே செயற்கைப் புல். கோடுகளும் அதிலேயே பதிந்திருந்தன. பழைய திடலில் கடைசிப் பயிற்சியன்று கேப்டன் குணாளன் விளையாட்டாக அளவு நாடாவை எடுத்து, கோல் கோட்டிலிருந்து பெனால்டிப் புள்ளிவரை பிடித்தான். முப்பத்தாறு அடி இருக்க வேண்டியது. முப்பத்து நாலுதான் இருந்தது.

"அங்கிள், ரெண்டடிய எங்க லா ஒளிச்சு வெச்சிங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் தான் அளக்கும் கயிற்றை விரித்துப் பார்த்தார். புல் வெட்டும் இயந்திரத்தில் மாட்டி அறுந்தபோதெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்தார். நான்கு முடிச்சுகள். ஒவ்வொன்றும் அரையடியைத் தின்றிருந்தது.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. "வெளியூர்ல போயி பெனால்டிய விட்டுட்டு வந்தானுங்கன்னா எப்படித் திட்டியிருக்கேன் தெரியுமாடா? தப்பு பூரா என் கயித்துல இருந்திருக்கு," என்றார். புதிய அரங்கின் பக்கமே வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

முதல் ஆட்டத்தன்று காலை குணாளன் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"ஏறுங்க அங்கிள்."

"அங்க எனக்கு என்னடா வேல? கோடுதான் போட்டுட்டானுங்களே."

"கோடு இருக்கு. இன்னிக்கி பெனால்டி கெடச்சா நான் விட்டுருவேன். திட்ட ஆளு வேணாமா?"

அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினார்.

சொன்னதுபோலவே குணாளன் அன்று கிடைத்த பெனால்டியை விட்டான். பந்து நேராகக் கோல்கீப்பரின் கைக்குப் போனது. வேலிக்குப் பின்னாலிருந்து அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்: "ரெண்டடி தள்ளி நிக்கிறடா! ஓங்கி அடி, மடையா!" மொத்தக் குழுவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

அதன் பிறகு ஒன்பது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் தவறவில்லை. போன மாதம் நெஞ்சு வலி என்று சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை.

நேற்று ஆட்டம் பார்க்க நான் போயிருந்தேன். பெனால்டி கிடைத்தது. குணாளன் ஓங்கி அடித்தான். வலை குலுங்கியது. பையன்கள் ஓடிவந்து கட்டிப் பிடிப்பதற்குள் அவன் வேலிப் பக்கம் திரும்பிவிட்டான்.

அங்கே நான் நின்றிருந்தேன். எனக்குக் கத்த வரவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.