ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி

செம்பாக்கம் கறிக்கடையில் ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில் எங்கள் பழைய வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் எனக்கு ரத்தம் குறைவு. ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரல் தருவார்கள். அதற்குப் பெயர் சுவரொட்டி. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால், ஞாயிறு விடிவதற்குள் அப்பா கடையில் நிற்பார். கம்பியில் குத்தி, உப்பும் மிளகும் தடவிச் சுடுவார். அவர் கறி சாப்பிடுவதை விட்டவர். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டால், முதல் துண்டை அவரே மென்று காட்டுவார்.

“கல்கண்டு மாதிரி கீதும்மா.”

“பொய் சொல்ற மூஞ்சியப் பாரு,” என்று அம்மா சிரிப்பார்.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ரத்தம் போதவில்லை என்று நர்ஸ் சொன்னதும் அப்பா மறுபடி வாங்க ஆரம்பித்தார். போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

“இன்னாம்மா, அப்பா வர்ல?” என்றார் கடைக்காரர்.

“இறந்துட்டாரு பாய்.”

“அய்யோ. போன வாரம்கூட அவருக்குன்னு எடுத்து வச்சிகினு, வருவாருன்னு காத்துனு இருந்தேனே.”

“இனிமே எனக்குன்னு எடுத்து வைங்க பாய்,” என்றேன். “நானே வரேன்.”