கராஜுக்குள் வெட்டிவேர்

விசாலாக்ஷி செடிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தையின் கழுத்தடியில் வைப்பது போலப் புறங்கையை உச்சிப் பூவுக்கு நேர் மேலே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் ஒரு சுலோகம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையாமல் நிற்பாள். சுலோகம் முடியும்வரை கை பொறுத்தால் செடியும் பொறுக்கும் என்று கணக்கு. பாதியில் சுட்டால் மேலே தொங்குகிற விளக்கைச் சங்கிலியில் இரண்டு கண்ணி உயர்த்துவாள். பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. அதே தெருக்காரி நான் கேட்டால், "அது காத்தோட சூட்டைச் சொல்றது மாமி. இலையோட சூட்டை யார் சொல்லுவா?" என்பாள்.

செடிகள் கஞ்சாச் செடிகள். வாசகர்கள் பதற வேண்டாம். கலிஃபோர்னியாவில் வயது வந்த எவரும் வீட்டுக்குள், பூட்டின கதவுக்குப் பின்னால், வெளியே தெரியாமல் ஆறு செடி வளர்த்துக்கொள்ளலாம். சட்டம் ஆறு என்றால் விசாலாக்ஷிக்கு ஆறுதான். ஒரு தடவை ஏழாவது விதையும் முளைத்துவிட்டது. "கவர்ன்மெண்ட்ல ஒத்துக்க மாட்டாடா கண்ணா" என்று அதனிடம் சமாதானம் சொல்லிப் பிடுங்கினாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஃப்ரீமான்ட்டில் அவள் வீட்டு கராஜில் கார் நின்று வருஷங்களாகின்றன. வாஷிங் மெஷினுக்கும் டிரையருக்கும் எதிரே, உட்பக்கம் வெள்ளி பூசின கறுப்புக் கூடாரம் ஒன்று நிற்கிறது. ஆள் நுழைகிற அளவு. அதற்குள் பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் ஓட்டப்பந்தய ஷூவும், காதுக்கொரு பஞ்சு உருண்டையுமாக நுழைவாள். பஞ்சு பழைய பழக்கம். சாண்டா கிளாராவில் டேட்டா சென்டர்களுக்குக் குளிர்ச்சி அமைத்துக் கொடுப்பதுதான் அவள் உத்தியோகமாக இருந்தது. அந்த இரைச்சலுக்கு வைத்தது, ரிடையர் ஆன பிறகும் போகவில்லை. பஞ்சு இருப்பதால் தனக்கு வேண்டாதது எதுவும் காதில் விழுவதில்லை என்பது கூடுதல் சௌகரியம்.

"சர்வருக்கும் செடிக்கும் ஒரே வியாதிதான். உடம்புச் சூடு. சர்வர் வாயைத் திறந்து சொல்லாது, பட்டுன்னு படுத்துடும். இது பாவம், முன்கூட்டியே சொல்றது."

எப்படிச் சொல்லும் என்று கேட்டுவிட்டால் போச்சு, அடுப்பில் இருப்பது தீய்கிற வரை விளக்குவாள். சூடு தாங்காத இலை ஓரங்களைத் தூக்கித் தொன்னை மாதிரி குவித்துக்கொள்ளும். பூ கெட்டியாவதை விட்டுவிட்டு உச்சியில் குடுமி முளைக்கவிடும். விளக்குக்கு மிக அருகே இருக்கும் நுனி வெளுத்துப்போகும். பூக்காத காலத்தில் இதெல்லாம் வந்தால் செடி தேறிக்கொள்ளும். பூத்த பிறகு வந்தால் வாசனையும் சத்தும் ஆவியாகிப் போகும். "அப்புறம் அது வெறும் வைக்கோல்" என்று கையை உதறுவாள்.

இவ்வளவு சிரத்தையாக வளர்க்கிறவள் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. வெங்காயம் நறுக்கின கத்தியைக்கூட ஏகாதசியன்று தனியாக வைக்கிற வீடு அது. எல்லாம் சுந்தரராமனுக்காக.

சுந்தரராமன் அவளுடைய கணவர். அவர் குறட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் குரோம்பேட்டையில் குடியிருந்தபோது, அவர் தூங்க ஆரம்பித்ததும் ரயில் வருகிறதென்று கேட்கீப்பர் கேட்டை மூடிவிடுவாராம். ஃப்ரீமான்ட்டில் பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி பூகம்பம் என்று இரண்டு தடவை மேஜைக்கடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தடவை நானே பார்த்தேன். இரண்டாவது தடவை நானாகக் கட்டிச் சேர்த்தது என்று விசாலாக்ஷி சொல்வாள். அவள் காதில்தான் பஞ்சாயிற்றே, அவளுக்கு என்ன தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த பிறகு தூக்கம் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் மறுநாள் முழுக்கத் தலை தொங்கியது. கடையில் வாங்கின கஞ்சா மிட்டாயைத் தின்றுவிட்டு, கூரை மின்விசிறி தன்னைக் கேள்வி கேட்கிறது என்றார். தூக்கம் வராத இரவுகளில் சமையலறைக்குப் போய் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் மூடிகளுக்கும் ஜோடி சேர்ப்பார். முப்பது வருஷத் தயிர் டப்பாக்கள். காலையில் விசாலாக்ஷிக்குக் காப்பிப் பொடி இருக்கிற இடம் தெரியாது.

கடைசியில் டாக்டரிடம் சொல்லிவிட்டு, விசாலாக்ஷி தானே ஒரு செடி வகையைத் தேடிப்பிடித்து வளர்த்து, காய்ந்த பூவை நெய்யில் காய்ச்சி வடிகட்டினாள். பாலில் துளி விட்டுக் கொடுத்தாள். சுந்தரராமன் தூங்கினார். டப்பாக்கள் பிரிந்தன. அந்த நெய் ஒரு விளைச்சலுக்கு ஒரு ஜாடி வரும். அடுத்த விளைச்சல் வருவதற்குள் பழைய ஜாடி தீர்ந்தால் வீட்டில் மூடி சத்தம் ஆரம்பித்துவிடும்.

வீடு முழுக்க அடிக்கிற வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள். கூடாரத்தில் கரி ஃபில்டர் இருக்கிறது. தப்பித்து வருவதை யாரும் கவனிப்பதில்லை. இருபது வருஷப் பெருங்காயத்தில் அந்தத் தெருவின் மூக்கு எப்போதோ பழகிவிட்டது.

இந்த வருஷம் செப்டம்பரில் வெயில் வந்தது. பே ஏரியாவில் எங்கள் வீடுகள் ஏசி தேவையில்லை என்கிற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. நூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். எங்கள் தெருவில் தபால்பெட்டியில் விழுந்த கடிதம் அப்பளமாகப் பொரிந்தது. நெய் ஜாடியின் அடி தெரிய ஆரம்பித்திருந்த நேரம். கூடாரத்தில் ஆறு செடியும் நெருக்கமாகப் பூத்து, அறுப்புக்கு இரண்டு மூன்று வாரமே இருந்தது.

முதல் நாளே இலைகள் தொன்னையாகிவிட்டன. விசாலாக்ஷி விளக்கை உயர்த்தினாள், ஒளியைக் குறைத்தாள், காற்றாடியைத் திருப்பினாள். இர்விங்கிலிருந்து மகன் கௌசிக் போனில் வந்தான்.

"அம்மா, ஜஸ்ட் பை எ போர்ட்டபிள் ஏசி."

"ஊர்ல இருக்கற ஏசி எல்லாம் எல்லாரும் வாங்கிண்டு போயிட்டாடா. டேபிள் ஃபேன் கூட இல்லை. இங்க கஞ்சாச் செடி வாடிண்டிருக்கு..."

"அம்மா, டோன்ட் சே தட் வேர்ட். ஐ லிவ் இன் டெக்ஸஸ். இட்ஸ் இல்லீகல் ஹியர்."

"நீ டெக்ஸஸ்ல இருக்கே. செடி இங்கன்னா இருக்கு."

போனை அவன் வைத்தான். மறுபக்கத்து வீட்டு மானஸா வந்தாள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பெண், துணிச்சல்காரி. கையில் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில்.

"ஆன்ட்டி, பாவம் வாடிப் போச்சே. கொஞ்சம் ஸ்ப்ரே பண்ணட்டுமா?"

விசாலாக்ஷி பாட்டிலைப் பிடுங்கி டிரையர் மேல் வைத்தாள். "பூத்த செடி மேல ஒரு சொட்டுத் தண்ணி படப்படாது. உள்ளே போய் உக்காந்துண்டு அழுகிப் போயிடும். வேருக்கு விடு, தலைக்கு விடாதே."

இவ்வளவு தெரிந்தவள் மறுநாள் என்ன செய்தாள் என்பதுதான் விஷயம். சென்னையிலிருந்து ஒரு கோடைக்காக மூட்டை கட்டிக் கொண்டுவந்து, பரணில் தூங்கிக்கொண்டிருந்த வெட்டிவேர்த் தட்டிகள் அவள் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு தட்டியை நனைத்து, கூடாரத்துக்குள் காற்று இழுக்கிற வாய்க்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டாள். மேலே ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டு, சொட்டுச் சொட்டாக நீர் இறங்க ஏற்பாடு. மத்தியானத்துக்குள் கூடாரத்தில் பன்னிரண்டு டிகிரி இறங்கியது. இலைகள் தொன்னையிலிருந்து தட்டையாயின. கராஜ் முழுக்க வெட்டிவேர் மணத்தது. சுந்தரராமன் நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டு பானகம் கேட்டார். கௌசிக்குக்கு போட்டோ போனது. "இன்ஜினியர்னா இது" என்று விசாலாக்ஷி அந்த இரண்டு நாளும் தரையில் நடக்கவில்லை.

தட்டி கட்டின மூன்றாம் நாள் காலை, இருப்பதிலேயே பருத்த பூவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் பழுத்திருந்தது. தொட்டாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. பூவைப் பிளந்து பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பழைய எலுமிச்சம்பழத்தில் வருகிற மாதிரி.

அவள் அப்போதுதான் தெர்மாமீட்டரில் ஈரப்பதம் காட்டுகிற கீழ்வரியைப் பார்த்தாள். சூடு குறைந்திருந்தது. ஈரம் ஏறியிருந்தது. வெளியே வறண்ட கலிஃபோர்னியா, கூடாரத்துக்குள் ஐப்பசி மாசத்து மயிலாப்பூர்.

மானஸா எட்டிப் பார்த்தாள். "நான் ஸ்ப்ரே பண்ணா தப்பு. நீங்க ரூமையே நனைச்சா அது இன்ஜினியரிங்கா ஆன்ட்டி?"

விசாலாக்ஷி காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டாள். பஞ்சினால் கேட்கவில்லை என்று பாவனை. ஆனால் காதுமடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. அந்தச் செடியை அடியோடு வெட்டி, கறுப்புப் பையில் கட்டி வெளியே எடுத்துப் போனாள். திரும்பி வந்து தட்டிகளை அவிழ்த்தாள். மீதி ஐந்தையும் ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தாள். தப்பித்திருந்தன. இவையும் போனால் மறுபடி விதை போட்டு எடுக்க நாலு மாசம். நாலு மாசம் மூடி சத்தம்.

"என்ன விசாலம்," என்றார் சுந்தரராமன். "விட்டுத் தள்ளு. நான் மூடி சேத்துண்டு இருக்கேன். அதுவும் ஒரு வேலைதானே."

"நீங்க பேசாம இருங்கோன்னா. யோசிக்கறேன்."

யோசனை வந்தது, ஆபீஸ் நாள்களிலிருந்து. பகலில் இங்கே வேலை ஓடாவிட்டால் என்ன செய்வார்கள், இந்தியாவில் இருக்கிற டீமுக்குத் தள்ளிவிடுவார்கள். பூக்கிற செடிக்கு வேண்டியது பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் விட்டுப்போகாத இருட்டு. அது எந்த ஊர்ப் பகல் என்று செடி கேட்பதில்லை. ஒரு முழு நாள் இருட்டில் போட்டுவிட்டு, அடுத்த ராத்திரி ஒன்பதுக்கு விளக்கை ஏற்றினாள். வெளியே ஊர் குளிர்கிற நேரத்தில் செடி வேலை செய்யும். நடுப்பகல் வெயிலில் அது விளக்கணைத்துத் தூங்கும். சாயங்காலம் கரன்ட் விலை ஏறுகிற நேரத்தில் விளக்கு எரியாததால் காசும் மிச்சம். செடிகளுக்கு சென்னை டைம் கொடுத்தாயிற்று.

ஆனால் பகலில் கராஜ் கதவு திறந்தால் வெயிலும் உள்ளே வரும், வெளிச்சமும் கசியும். கோயிலிலிருந்து கார் திரும்பியதும் ரிமோட்டை அமுக்குவது சுந்தரராமனின் கைப்பழக்கம். பேச்சால் நிறுத்த முடியாது என்று விசாலாக்ஷிக்குத் தெரியும். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கடுகு டப்பாவில் போட்டாள். அதுவும் போதாமல், வெயில் போகிற வரைக்கும் தினமும் மத்தியானம் கதவுக்கு வெளியே மடக்கு நாற்காலியில், தலையில் ஈரத் துண்டும் கையில் குடையுமாக உட்கார்ந்திருந்தாள். டிரையரைத் தொடக்கூட யாருக்கும் அனுமதியில்லை. அந்த வாரம் சுந்தரராமனின் வேஷ்டிகள் தோட்டத்து ரோஜாச் செடிகள் மேல் காய்ந்தன. தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏதோ பண்டிகை என்று நினைத்து அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவளும் "தேங்க் யூ, சேம் டு யூ" என்றாள்.

வெயில் போயிற்று. ஐந்து செடியும் நின்றன. ஒன்றின் தலையில் மட்டும் குடுமி. அறுத்தாள், இருட்டு அறையில் தொங்கவிட்டுக் காயவைத்தாள், கழுவி வெயிலில் வைத்த மாவடு ஜாடியில் மூடிப் பதப்படுத்தினாள். அதற்குள் பழைய நெய் தீர்ந்து, சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் மறுபடி ஜோடி சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டு டப்பாக்களையும் சுந்தரராமன் வந்து சேர்த்துக் கொடுத்தார்.

நவராத்திரி கழிந்த ஒரு சனிக்கிழமை, புது நெய் வடிந்தது. சூட்டில் அது வைக்கோலாகிவிட்டதா, இல்லையா? "பகல்லயே டெஸ்ட் பண்ணிடலாம்" என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் துளி விட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "ருசி நன்னாத்தான் இருக்கு" என்று சொல்லிப் படுக்கையறைக்குப் போனார்.

நாங்கள் சமையலறையில் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாள். பிறகு விளக்கின் உயரத்தைப் பற்றிப் பேசினாள். ஈரத்தைப் பற்றிப் பேசினாள். அடுத்த தடவை வெட்டிவேரைக் கூடாரத்துக்குப் பதிலாக வீட்டு ஜன்னலில் கட்டலாம் என்றாள். அவ்வளவு வேகமாகப் பேசினாள், கீரைத் தண்டு கிண்ணத்திலும் இலை குப்பையிலும் விழுந்துகொண்டிருந்தன. நான் குப்பையிலிருந்து இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டப்பாக்கள் இருக்கிற அலமாரி பக்கம் அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

கீரை முக்கால்வாசி முடிந்தபோது, படுக்கையறைப் பக்கமிருந்து முதலில் ஒரு சீறல். பிறகு ஒரு தயக்கம். பிறகு குரோம்பேட்டை கேட்டை மூடவைத்த அந்த ரயில், எங்கோ தொலைவில், மெல்லக் கிளம்பியது.

விசாலாக்ஷி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வலது காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். பிறகு இடது காதிலிருந்தும் எடுத்தாள். இரண்டு உருண்டைகளையும் கீரைத் தண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தாள்.