எலுமிச்சம்பழத்தின் மேல் முதல் கியர்

பழைய கார் விற்கிற இடத்தில் காரைவிட அதிகமாக ஓடுவது வாய்தான். கோவில்பட்டி பைபாஸ் ஓரம் எங்கள் யார்டில் அந்த வாய் என்னுடையது. பன்னிரண்டாவது முடித்தாயிற்று, கல்லூரி திறக்கும் வரை வெயிலில் நிற்கிற கார்களைத் துடைப்பதும், வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுவதும் வேலை. மீதி நேரத்தில் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவேன். முதலாளி அண்ணாச்சியின் இருமல், டீக்கடைக்காரரின் கொட்டாவி, பழைய டீசல் வண்டி காலையில் முரண்டு பிடிக்கிற சத்தம், எல்லாம் கைவசம். லைசென்ஸும் புத்தம் புதிதாக ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை கியர் மாறுகிற சத்தத்தை வாயால் சுத்தமாகப் போடுவேன். சீட்டில் உட்கார்ந்து கிளட்சை விட்டால் மட்டும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும்.

உங்களில் பலருக்கும் இந்த வியாதி உண்டு என்று தெரியும். பாலத்து ஏற்றத்தில் பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்க, இடது முழங்கால் தன்பாட்டுக்கு ஆடிய எல்லாரும் நம் கட்சிதான். இது நம் கட்சிக்காரர் ஒருவர் கார் வாங்கிய கதை.

மூலையில் நின்ற சிவப்பு

டாக்டர் செல்வி அக்காவுக்கு எட்டயபுரம். மனுஷருக்கு இல்லை, ஆடு மாடுகளுக்கு டாக்டர். புதூர் பக்கத்துக் கிராமங்களுக்கு தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவர். ஒரு நாள் காலை தன் அண்ணன் சங்கர் அண்ணாச்சியோடு வந்து இறங்கினார். அண்ணாச்சி எட்டயபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். கிளட்சே இல்லாத வெள்ளை ஆட்டோமேட்டிக் ஒன்றைப் போனிலேயே முக்கால்வாசி பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அக்கா வெள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போனார். அங்கே நின்றது எங்கள் யார்டின் மகாராணி. சின்ன சிவப்புக் கார், தரையோடு பதுங்கிய உடம்பு, கறுப்புக் கூரை, பின்னால் குட்டியாக ஒரு இறக்கை, ரெட்டை சைலன்சர். மேனுவல் கியர். ஸ்டார்ட் செய்தால் கச்சேரிக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

"ஏம்மா, உனக்கு கிளட்ச்சுன்னாலே வேர்க்குது. இது அடி வேற தாழ்வா கெடக்கு. கரிசக்காட்டுக்குள்ள போய் சிக்குச்சுன்னா?" என்றார் சங்கர் அண்ணாச்சி.

"மழை பேஞ்சா கரிசல்ல டிராக்டரே சிக்கும்ணே. நான் இப்பவும் வண்டிய தார் ரோட்டுல போட்டுட்டு, செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்துதான போறேன்?"

எங்கள் முதலாளி குறுக்கே புகுந்தார். வெள்ளை வண்டியை யார் ஓட்டினாலும் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றார். அக்கா சிவப்பின் மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: "யாரு ஓட்டினாலும் ஓடும்னா எனக்கு எதுக்கு அண்ணாச்சி? புதூர் ரோடு நூல் பிடிச்ச மாதிரி கெடக்கு, ரெண்டு பக்கமும் பருத்தி. அதுல நானே கியர் மாத்திப் போகணும்."

நாலு பழம்

எங்கள் யார்டில் எந்த வண்டி வெளியே போனாலும் பூஜை உண்டு. சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பக்தி. உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஓட்டுநர் பரீட்சை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஆக்சிலேட்டர் குறைந்தால் வண்டி பழத்தில் முட்டி அணைந்துவிடும். கூடினால் எகிறிக் குதித்து கேட்டில் போய் நிற்கும். அதனால் புதிதாக ஓட்டப் பழகினவர்கள் பழம் நசுக்குகிற வேலையை மட்டும் முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, ரோட்டுக்குப் போனபிறகு பவ்யமாக ஏறிக்கொள்வார்கள். சொந்தக் காரின் முதல் பத்தடியை அடுத்தவர் ஓட்ட, கைதட்டிக்கொண்டு பின்னால் நடந்துபோன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கர் அண்ணாச்சி அதிலேதான் பிடித்தார். "சரி, செவப்பையே எடு. ஆனா வெள்ளிக்கிழமை பூஜையில நீயேதான் பழத்த ஏத்தி வெளிய கொண்டு வரணும். பழத்துல வண்டி அணைஞ்சு நின்னுச்சுன்னா அபசகுனம். மறுபேச்சு பேசாம செவப்புச் சாவியக் குடுத்துட்டு வெள்ளச் சாவிய வாங்கிக்கணும்." அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கெடாவுக்கு ஊசி போடயில நாலு காலும் உதைக்கும்ணே. பழம் உதைக்காதுல்லா?"

கிளீனர் எங்கே?

அன்றைக்கே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அக்கா ஸ்டியரிங்கில், பக்கத்தில் முதலாளி, பின் சீட்டில் நான். ரயில்வே பாலத்து ஏற்றத்தில், நடு மத்தியில், வண்டி அணைந்தது. அணைந்ததோடு பின்னாலும் ஒரு அடி உருண்டது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு லாரி. காது கிழிகிற மாதிரி ஏர் ஹாரன். முதலாளி மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கதவைப் பட் பட்டென்று தட்டி, லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லும் கிளீனர் குரலில் ஒரு இழுப்பு இழுத்தேன்: "வரட்டும் வரட்டும் வரட்டும்... லேசா ஒடிச்சு வரட்டும்... போதும், ஹோல்டேய்ய்!" காலம் பூராவும் அந்தக் குரலுக்குப் பழகின காலும் கையும் அல்லவா? டிரைவர் தன்னையறியாமல் ரிவர்ஸ் போட்டு, பின்னால் போய், சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டார். அந்த இடைவெளியில் அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கிளட்சை மெல்ல விட்டார், வண்டியின் மூக்கு லேசாக எழும்பியதும் பிரேக்கை விடுவித்தார். சிவப்பு பாட்டுப் பாடிக்கொண்டு மேலே ஏறியது. இறக்கத்தில் எங்களைத் தாண்டும்போது லாரிக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, எங் கிளீனர் இங்கன தூங்குதான். அங்கன எப்பம்லே ஏறினான்?"

மேப் அக்கா

அடுத்து வந்த நாளெல்லாம் வேலைக்குப் போகும் முன் அக்கா யார்டுக்கு வந்துவிடுவார், ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு. பழத்தை வைப்பது நான், நசுக்குவது அவர். போனில் மேப்பைத் திறந்தால் வழி சொல்லுகிற பெண் குரலில் நான் பின் சீட்டிலிருந்து வர்ணனை கொடுப்பேன்: "இன்னும் இரண்டு அடியில் வண்டி அணைந்துவிடும். அணைந்துவிட்டது. மறுபடி முயலவும்." வேறு யாராக இருந்தாலும் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள். அக்கா சிரிப்பார், சாவியைத் திருப்புவார், மறுபடி பழம் வைக்கச் சொல்லுவார். அலுப்பே கிடையாது. நானும் ஒரு தடவை ஆசைப்பட்டு ஏறினேன். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் சாறு முழுக்க முதலாளியின் வேட்டியில்.

வியாழக்கிழமை காலை நான் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வைத்த பழமெல்லாம் சத்தமில்லாமல் அப்பளமாகிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "ஏட்டி மேப்பு, ஏன் பேச்சக் காணோம்?"

வெள்ளிக்கிழமை

பழகுவது வேறு, சொந்தக்காரர் கூட்டத்துக்கு முன்னால் ஓட்டுவது வேறு. அது உங்களுக்கே தெரியும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். வண்டி அணைந்தால் பின் சக்கரத்தோரம் நின்று நான் வாயால் இன்ஜின் சத்தம் கொடுப்பது. யாருக்கும் தெரியும் முன் அக்கா ஸ்டார்ட் செய்துவிடுவது. அக்காவிடம் சொன்னபோது சிரித்தாரே தவிர சரி என்று சொல்லவில்லை. அதை நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

சூடம் எரிந்தது. சங்கர் அண்ணாச்சி தட்டோடு முன்னால் நின்றார். அக்காவின் இடது முழங்கால் ஆடுவது பின் சக்கரத்தோரம் நின்ற எனக்கே தெரிந்தது. கிளட்ச் எழும்பியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. நான் விடவில்லை. ரெட்டை சைலன்சரின் அடித்தொண்டை உறுமலைப் பிசகாமல் எடுத்தேன். முதலாளியே ஏமாந்துபோனார். சங்கர் அண்ணாச்சி, "வா, வா" என்று கையை ஆட்டினார். அக்கா கண்ணாடியை இறக்கினார். "அண்ணே, வண்டி நின்னுபோச்சு. இப்ப ஓடுதது பாண்டி."

பாண்டி என்பது நான். என் இன்ஜினை நானே அணைத்துக்கொண்டேன். முதலாளியின் கை வெள்ளைச் சாவி இருக்கும் சட்டைப் பைக்குப் போனது. சங்கர் அண்ணாச்சி தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து ஒவ்வொரு பழமாகப் பார்த்தார். ஒன்றை விரலால் தொட்டும் பார்த்தார். நிமிரும்போது தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு பழத்துலயும் சாறு வரல. பழம் நசுங்காம எப்படிப் பூஜை ஆரம்பிச்சதா அர்த்தம்? எடும்மா, இனிமேத்தான் ஆரம்பம்."

கேட்டுக்கு வெளியே

இரண்டாம் தடவை முழங்கால் ஆடவில்லை. சிவப்பின் மூக்கு லேசாக எழும்பி, நாலு பழமும் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் படுத்துக்கொண்டன. இண்டிகேட்டர் போட்டு, பைபாஸில் திரும்பி, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு மாற்றமும் வெண்ணெய் மாதிரி கேட்டது. நான் போடுகிற சத்தத்தைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதித் தருகிறேன். சிவப்பு புள்ளியாகி மறைகிற வரை எல்லாரும் கைதட்டினோம். அதற்குப் பிறகுதான் சங்கர் அண்ணாச்சி, "ஏ, நான் ஏறவே இல்லியே! அவ பாட்டுக்குப் போயிட்டாளே!" என்றார். சொன்னவர் முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் முதலாளி ஒரு நொடியைக்கூட வீணாக்குகிறவர் இல்லை. "அதுக்கென்ன அண்ணாச்சி, வெள்ளை வண்டி சும்மாதான நிக்கி. ஏறி ஓட்டிப் பாருங்க, கிளட்ச்சே கெடையாது."

இந்த யார்டில் நான் பேசிக் காட்டாத ஆளும் இல்லை, உறுமிக் காட்டாத வண்டியும் இல்லை, ஆனால் கிளட்சை மட்டும் வாயால் மிதிக்க வழியில்லை என்பதால் நாளைக் காலைக்கு நானும் ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.