மாமாவின் முதுகும் என் முதுகும்

அக்கா புருஷனை எங்கள் கிடங்கில் எல்லோரும் ‘ஜாக்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியையே தூக்கி நிறுத்திவிடுவார் என்று கேலி. எனக்கு அவர் மாமா. கீழே அவர் மூட்டை இறக்குவார். மாடியில் உட்கார்ந்து நான் வந்த சரக்கைப் பதிவு செய்வேன். அந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட மேலாளர் அறை வாசலில் மூன்று நாள் நின்றவரும் அவர்தான்.

ஒரே வருடத்தில் இரண்டு பேருக்கும் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியது. ஒரே டாக்டரிடம் போனோம். இரண்டு ஸ்கேன் படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உங்களோடதுதான் கொஞ்சம் மோசம்” என்று என்னைக் காட்டினார். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பேனா தூக்கியே இந்தக் கதியா மாப்ள?”

எனக்குச் சம்பளத்தோடு இரண்டு மாதம் லீவு. திரும்பி வந்தபோது, முதுகைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். மாமாவுக்கும் டாக்டர் எனக்குச் சொன்னதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்: கனம் தூக்கக் கூடாது. சீட்டைப் படித்த மேஸ்திரி நல்ல மனுஷர், தலையைச் சொறிந்தார்.

“தூக்காம இங்க என்னப்பா வேலை இருக்கு?”

வாசலில் வண்டி நம்பர் எழுதும் வேலையை அவருக்குக் கொடுக்கச் சொல்லி மேலாளரிடம் மனு கொடுத்தேன். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டுமாம்.

“சத்தத்த வெச்சே யாரு வண்டின்னு சொல்லிடுவாரு சார். இருபத்தாறு வருஷ சர்வீஸ்” என்றேன்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாற்பத்தொன்பது வயதில் மாமா வீட்டோடு உட்கார்ந்தார். அக்கா தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் அவள் முகம் பார்த்துப் பேசக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அப்புறம் மெல்ல அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். உப்பு மட்டும் கைக்கு அடங்கவில்லை. “கடலையே கொண்டாந்து கொட்டிட்டாரு” என்பாள் அக்கா. ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு பொறுக்காமல் சொல்லிவிட்டேன். “எனக்கு ரிட்டயராக இன்னும் பதினோரு வருஷம் இருக்கு மாமா. அந்த நாற்காலில உக்காரவே கூச்சமா இருக்கு.”

“நல்லா சாஞ்சு உக்காரு. நீயும் வீட்டுக்கு வந்துட்டா உனக்கும் சேத்து யாரு வடிச்சுக் கொட்டுறது?”

மறுநாள், மாமாவுக்கு வேலையும் மூட்டை தூக்குபவர்களுக்குத் தள்ளுவண்டியும் கேட்டு இன்னொரு மனு எழுதினேன். இந்த முறை கீழே வேலை செய்யும் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமாவுக்கு வேலை கிடைக்கவில்லை. மூட்டை ஏற்றிப் போக இரண்டு தள்ளுவண்டிகள் மட்டும் வந்தன. அதைச் சொல்லப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நறுக்கியதை வழித்துச் சட்டியில் போட்டார்.

“மத்தவங்க முதுகாச்சும் தப்பிக்கட்டும்” என்றார் பிறகு.

அன்றைக்கும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.