சித்தப்பா ரகம் பிரித்த காகிதங்கள்

அடுத்தவர் பணம் எங்கே போனது என்று துருவுவதில் ஒரு சுகம் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து சத்துவாச்சாரி வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே போய்த் தலையைக் கொடுத்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன், இங்கிலீஷில் மெயில் எழுதுவேன், போதாதா?

சித்தப்பாவும் தோல் ஆள்தான். ஆம்பூரில் தோல்களை ரகம் பிரித்துக்கொண்டிருந்தவர், அதே வேலைக்கு எத்தியோப்பியா போனார். பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். அங்கேதான் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் அவரை ஒரு சூட்கேஸோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் கடைசி சில வருஷங்களாக அவர் வீட்டுக்கு அனுப்பிய பணம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மீதி எங்கே?

சித்தியிடம் பதில் தயாராக இருந்தது.

"அங்க எவளையோ வெச்சினு இருந்தாருடி. இல்லன்னா சம்பளம் எங்க போவும்?"

"மெதுவா பேசு சித்தி. பக்கத்துலதான படுத்துனு இருக்காரு."

"கேட்டா இன்னா? புரியவா போவுது?"

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆத்திரப்படுகிறவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வைத்தியச் செலவுக்கு நகை எல்லாம் போயாகிவிட்டது. அடுத்தது வீடுதான். புரோக்கர் வாங்க ஆளைப் பிடித்து, விற்பனை ஒப்பந்தப் பத்திரத்தை டைப் அடித்தே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை சித்தி கையெழுத்துப் போட வேண்டும். சித்தப்பா சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, ஆனால் பத்திரம் சித்தி பேரில் இருந்தது. அதனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். அவர் போன் பூட்டிக் கிடந்தது. திறந்தாலும் வங்கியின் ஓடிபி அந்த நாட்டு நம்பருக்குத்தான் போகும், அந்த சிம் செத்துப்போயிருந்தது. சூட்கேஸில் கிடைத்த ஒரு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு அந்த வங்கிக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. மண்டை காய்ந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நேராக அங்கே போனேன். சூட்கேஸில் இருந்த காகிதம் அத்தனையையும் போட்டோ எடுக்கலாம் என்று சித்தப்பாவின் கட்டிலில் கொட்டினேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் இடது கையால் ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், கட்டை விரலால் ஒரு தடவு தடவினார், தரையில் வீசிவிட்டார். அடுத்ததையும் வீசினார்.

"ஐயோ, சித்தப்பா!"

"பாத்தியா? புத்தியும் போய்ட்ச்சு," என்றாள் சித்தி.

நான் குனிந்து பொறுக்கப் போனவள் அப்படியே நின்றேன். இந்தக் கையை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் தினமும் பார்க்கிற கை. ஒருத்தர் தோலை விரித்துப் போடுவார். ரகம் பிரிக்கிறவர் முன்னும் பின்னும் பார்த்து, விரலால் தடவி, நல்லதை ஒரு பக்கம், அடுத்த ரகத்தை ஒரு பக்கம், கழிவைக் கீழே என்று தள்ளிக்கொண்டே போவார். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதங்களை ஒவ்வொன்றாக அவர் மடியில் விரித்துப் போட்டேன். மனுஷன் பிரித்தார் பாருங்கள்! விமான டிக்கெட், கம்பெனி சுற்றறிக்கை எல்லாம் தரைக்குப் போயின. நான் மாய்ந்து மாய்ந்து மெயில் எழுதிய வங்கியின் பாஸ்புக்கும் தரைக்குப் போனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறொரு வங்கியின் சின்னச் சின்னச் சீட்டுகள் தலையணையோரம் சேர்ந்தன. சுவரோரம் தனியாக ஒரு கட்டு சேர்ந்தது. எல்லாம் அந்த ஊர் எழுத்தில் இருந்த ரசீதுகள், எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து.

"நான் சொல்லல? அவதான்," என்றாள் சித்தி.

சித்தப்பாவின் எத்தியோப்பியா கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கிற ஓர் ஆம்பூர்க்காரர் இருந்தார். இரண்டு கட்டையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, அவரைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்த ரசீதாங்க? சாவு சங்கம். தெருக்காரங்க மாசாமாசம் காசு போட்டு நடத்துவாங்க. யாராச்சும் செத்தா அடக்கம் வரிக்கும் அவங்களே பாத்துப்பாங்க. கையெழுத்து சங்கத்துப் பெரியவரோடது."

"அப்ப சம்பளம்?"

"அந்த இன்னொரு பேங்க்லதான் கெடக்கும். இப்பல்லாம் சம்பளத்த முழுசா நாட்டுக்கு வெளிய அனுப்ப வுடறதில்லீங்க. என்துகூட இங்கதான் மாட்டினு இருக்குது. எடுக்கணும்னா கோர்ட்டு, தூதரகம்னு அலையணும். மாசக்கணக்காவும்."

சித்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தா தூக்கிப் போட ஏற்பாடு பண்ணி வெச்சாரு. இப்பிடி உசுரோட வந்து கெடப்போம்னு நெனைக்கலியே, பாவி மனுஷன்." சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அது வர்றப்ப வரட்டும். நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டுட்றேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, மேஜையில் இருந்த வீட்டு ஒப்பந்தத்தை எடுத்து அவர் மடியில் விரித்தேன். சித்தப்பா அதை மற்றவற்றைவிட நிதானமாகப் பார்த்தார். கட்டை விரலால் மெல்லத் தடவினார். தரையில் வீசினார்.

சித்தி எழுந்து அதைப் பொறுக்கி மறுபடி மடியில் வைத்தாள். "நல்லா பாருங்க. வீடுங்க இது. நம்ம வீடு."

இந்தத் தடவை அது வாசற்படி வரை போய் விழுந்தது.

சித்தி அதை எடுக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப பணத்துக்கு இன்னாங்க பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

ஊருக்கு வந்ததிலிருந்து அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. சித்தப்பா தலையணையோரம் கையை நீட்டி, அந்த வங்கிச் சீட்டுகளை எடுத்து அவள் மடியில் வைத்தார்.