கொட்டாரத்து வீட்டுப் பலகைத் தரை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, எனக்குக் குரல் பழைய மாதிரி எழும்பாது. வெறும் மண்ணிலே தரை போடுதவன் கொடுத்து வச்சவன். இருக்கிற தரைக்கு மேலே பலகை அடிக்கப் போற ஆசாரி, தரையோட மட்டுமில்ல, அதிலே நடக்கிறவன் கிறுக்கோடயும் மல்லுக்கட்டணும். பிறத்தியார் ஆசைக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போன உங்களுக்கு இதை விரிச்சுச் சொல்லணுமா?

சத்தம்

கொட்டாரம்ங்கிற ஊரிலே ஒரு பண்ணையார். மலை எஸ்டேட்டுக்குப் போனவர், துரை பங்களாவிலே பலகைத் தரை மேலே பூட்ஸ் நடக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு வந்துட்டார். முகம் பார்க்கலாம் போலக் கறுகறுன்னு கிடந்த கூடத்துத் தரையை மூடித் தேக்குப் பலகை போட என்னை அழைச்சார். மகள் செல்லம்மையைப் பெண் பார்க்க வரப்போறாங்க, அதுக்குள்ளே முடியணும். மாப்பிள்ளைக்கு அம்பத்தஞ்சு வயசு. ரெண்டு பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்கு அனுப்பினவர். நிலம் மட்டும் களியக்காவிளை வரைக்கும் உண்டு. செல்லம்மை வேண்டாம்னு அழுதது தெருவுக்கே தெரியும்.

பத்துப் பலகை அடிச்ச உடனே பண்ணையார் ஏறி நடந்தார். வெறுங்காலு, சத்தம் எங்கே வரும்? திரும்பவும் நடந்து பார்த்து என்னை முறைச்சார்.

"ஏலே ஆசாரி, துரை வீட்டுப் பலகை பேசுது. நீ போட்டது ஊமையால்லா இருக்கு!"

பாக்கு

கழுவுத தண்ணி முற்றத்துக்கு ஓடணும்னு பழைய தரையைச் சாய்வாத்தான் போட்டிருந்தாங்க. நான் அடியிலே ஆப்பு வச்சு, ரசமட்டம் பிடிச்சு, ஒரு வாரம் முட்டி தேயச் சமம் பண்ணினேன். பண்ணையார் மர மிதியடி மாட்டிக்கிட்டு டக் டக்குன்னு வந்தார். மடியிலிருந்து ஒரு கொட்டைப் பாக்கை எடுத்து நடுக்கூடத்திலே வச்சார். அது அசையல்ல. நானும் மெச்சுவார்னு காத்திருந்தேன்.

"எங்க அப்பா போட்ட தரையிலே பாக்கு தன்னால ஓடும்லே. உன் தரையிலே செத்த எலி மாதிரி கிடக்கு!"

கதவு

கூடத்தை ஒட்டி ஒரு நெல்லறை. உள்ளே நெல் குவிச்சிருக்கும்னு கதவை வெளிப்பக்கம், கூடத்துக்குத் திறக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. கதவுக்கு அடியிலே ரெண்டு விரல் இடம். என் பலகையோ ரெண்டரை விரல் உயரம். கதவை அரை விரல் அறுக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான், மிதியடி ரெண்டும் குதிச்சிது.

"எங்க பாட்டா வச்ச கதவு! உளி பட்டா லெட்சுமி இறங்கிப் போயிருவா. பலகையைச் சீவு, இல்லேன்னா காற்றைச் சீவு, கதவைத் தொடாதே!"

பெண் பார்க்க வந்த அன்று

கதவுக்கு முன்னாலே ரெண்டு பலகையை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தேன். காலையிலே செல்லம்மை வந்தா.

"ஆசாரியே, இதை அடிச்சா கதவு திறக்காதுல்லா?"

"திறக்காது பிள்ளே. அரை விரல் தட்டும்."

நெல்லறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அப்பம்னா பலகையை அடியும்."

நானும் பெண்ணைப் பெத்தவன். அடிச்சேன்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாச்சு. மகள் நெல்லறைக்குள்ளே இருக்கிறதைக் கேட்டுப் பண்ணையார் வந்து கதவை இழுத்தார். அசையல்ல.

"ஏட்டி, திறட்டி!"

"நானும் தள்ளுதேன் அப்பா. கதவை அறுக்கச் சொல்லுங்க."

"பலகையைப் பேர்த்திரட்டுமா ஏமானே? தேக்கு பிளந்தா நான் பொறுப்பில்ல," என்றேன்.

வந்தவங்க முன்னாலே லெட்சுமியை அறுக்கவும் மனசில்ல, தேக்கைப் பிளக்கவும் மனசில்ல. மனுஷன் திரும்பவும் கதவையே இழுத்தார். கீல் இல்லாம, குழியிலே குடுமி ஊன்றித் திரும்புத குடுமிக் கதவு அது; அடியிலே நெம்பினா எழும்பும்னு ஆசாரிக்குத் தெரியாதா? அன்றைக்கு எனக்கு அது மறந்துபோச்சு. மாப்பிள்ளை துண்டை உதறி எழும்பினார்.

"பெண்ணு பார்க்க வந்தோம்வே, கதவைப் பார்த்துட்டுப் போறோம். இனி இந்தச் சம்பந்தப் பேச்சே வேண்டாம்!"

அந்தப் பலகைத் தரையாலே அந்த வீட்டிலே ஒருத்தருக்காவது பலன் கிடைச்சுதுன்னா அது இதுதான்: வில்வண்டி தெருமுக்குத் திரும்பின உடனே செல்லம்மை, நெல்லறையிலே கிடந்த கடப்பாரையைக் கதவுக்கு அடியிலே கொடுத்து அரை விரல் தூக்கி, புதுத் தேக்கிலே பிறை மாதிரி ஒரு கீறல் போட்டுக்கிட்டு வெளியே வந்து, மாப்பிள்ளை குடிக்காமல் வச்சிட்டுப் போன காப்பியை எடுத்துக் குடிச்சா.