சுவரோரம் முளைத்த நொச்சி

படுக்கையறைச் சுவரோரம் முளைத்த செடியைப் பிடுங்கியதும் விரல்களில் ஏறிய காரவாடையில் கோழிக்கூடை நினைவுக்கு வந்தது. கோழியை அடைவைக்கும்போதெல்லாம் பேன் அண்டாமலிருக்க அம்மா கூடையில் நொச்சித்தழை பரப்புவார். ஒரு காம்பில் ஐந்து விரல்போல் இலை விரிந்து, அடிப்புறம் வெளிறி, ஊதாப் பூவுடன் நிற்கும் அந்தப் புதரை ஒடிக்க ஏரிக்கரைக்குப் போனால் கோடையிலும் கால்கள் சேற்றில் புதையும், தவளைகள் விலகித் தாவும், தழைக்கட்டின் வாடை வீடுவரை கூடவே வரும்.

அந்த ஏரியைத் தூர்த்துப் போட்ட மனையில்தான் இப்போது எங்கள் வீடு இருக்கிறது.

“வெதை மணல் லோடுல வந்திருக்குமாட்டங்க,” என்றாள் மனைவி.

“இருக்கும்,” என்றேன்.

சுவரில் ஈரம் ஜன்னல்வரை ஏறியிருந்தது. செடி இருந்த குழியில் தண்ணீர் ஊறி மெல்ல நிறைந்தது.